சிமெண்ட் சீட்டின் பின்பக்கம்

ரெடிமிக்ஸ் லாரியின் டெலிவரி சீட்டில்தான்
எழுத ஆரம்பித்தேன்.
முன்பக்கம்: எட்டு கன மீட்டர், நாற்பது கிரேடு,
மாலை நான்கு பத்து.
பின்பக்கம்: ஜெபல் ஷம்ஸ்.
அதன் கீழே ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே, தண்ணீர்.

தலைக்கு ஐந்து லிட்டர் என்றார் இருதயராஜ்.
ஆறு என்றான் முபாரக்.
குளிர்மலையில் அவ்வளவு தாகம் எடுக்காது என்றார்
இதுவரை எந்த மலையும் ஏறாத வேல்மயில்.
ஆறு என்றே எழுதினேன்.
நாலு பேருக்கு இருபத்துநான்கு.
இருபத்துநான்கு கிலோவை யார் தூக்குவது
என்ற பேச்சு வந்ததும்
எல்லாருக்கும் ஒரே நேரத்தில்
டீ குடிக்கத் தோன்றியது.

அடுத்த வரி, வண்டி.
கடைசியில் ஜல்லிப் பாதையாம்,
நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டுமாம்.
வாடகையைக் கேட்டுவிட்டு வந்த இருதயராஜ்
அன்று இரவு சாப்பிடவில்லை.
லைசென்ஸ் வைத்திருப்பது முபாரக் ஒருவன்தான்,
அதுவும் ஃபோர்க்லிஃப்ட்டுக்கு.
மூன்று நாள் அந்த வரியை யாரும் தொடவில்லை.
நான்காம் நாள் ஸ்டோர் வாசலில்
ஹமூத் தன் பிக்கப்பின் முதுகைத் தட்டினான்:
"என் வீடு ஹம்ராவில், மலைக்கு அடியில்.
பெட்ரோல் உங்களுடையது.
பேரீச்சம்பழம் என்னுடையது."

இரவு போனில் மனைவியிடம் சொன்னேன்.
"மலைக்கா? என்ன சாமி அங்க?"
சாமி இல்லை.
"அப்புறம் யாருக்கு வேண்டிக்கிட்டீங்க?"
யாருக்கும் இல்லை.
கொஞ்ச நேரம் மிக்ஸி மட்டும் ஓடியது.
"செருப்பு போட்டுக்கிட்டே ஏறலாமா?"
ஷூவே போடணும் என்றேன்.
"அப்ப அது மலையே இல்ல"
என்று வைத்துவிட்டாள்.

பதினோரு வருடமாக நான் ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன்.
சாரம் கட்டுகிறவன்.
குழாய், கப்ளர், பலகை,
இடுப்பில் இரண்டு கொக்கி:
ஒன்றைக் கழற்றுமுன் மற்றதை மாட்ட வேண்டும்.
ஒன்பதாம் மாடி உச்சியிலிருந்து பார்த்தால்
தூரத்தில் ஒரு பழுப்புக் கறை தெரியும்.
தூசி என்றே நினைத்திருந்தேன்.
மழை பெய்த மறுநாள்
அதற்கு விளிம்பு இருந்தது.

கொக்கி இல்லாமல் ஏறுவது எப்படி என்று
எனக்குத் தெரியாது.
சீட்டில் இதை எழுதவில்லை.

கூடாரம் செகண்ட் ஹேண்ட்.
ஒரு கம்பி குறைகிறது என்பதை
விற்றவர் சொல்லவில்லை, நாங்கள் எண்ணவில்லை.
ஒத்திகைக்கு, வாதி கபீர் கேம்ப்பின் மொட்டைமாடியில்
தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே விரித்தோம்.
கான்கிரீட்டில் ஆணி இறங்குமா?
நாலு மூலைக்கும் நாலு கப்ளரைத் தொங்கவிட்டேன்.
குறைந்த கம்பிக்கு ஒட்டடைக்குச்சி.
நின்றது,
பந்தியில் தூங்கிப்போன தாய்மாமன் போல
இடப்பக்கம் சாய்ந்து.
வாட்ச்மேன் டார்ச் அடித்து
உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டான்.
நாங்கள்தான் என்றார் வேல்மயில், கௌரவமாக.

நேற்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.
வெள்ளிக்கிழமை ஸ்லாப் கான்கிரீட்.
லீவு இல்லை.
இது மூன்றாவது வெள்ளி.
சீட்டை எடுத்துத் தேதியை அடித்தேன்.
தண்ணீரை அடிக்கவில்லை.
டார்ச், தீப்பெட்டி, ரஸ்க்,
முபாரக் மட்டும் சாப்பிடுகிற எலுமிச்சை ஊறுகாய்,
எதையும் அடிக்கவில்லை.

வரமுடியாது என்று ஹமூதுக்கு வாய்ஸ் அனுப்பினேன்.
பதிலுக்கு ஒரு படம் வந்தது.
செங்குத்துப் பாறை ஒன்றில்
மஞ்சள், வெள்ளை, சிவப்பு, மூன்று பட்டை.
ஓரத்தில் பாதி ஆடு.
"வழி இதுதான். பெயிண்ட் எங்கேயும் போகாது."

மூவரும் தூங்கிய பிறகு
படத்தை விரல்களால் விரித்து விரித்துப் பார்த்தேன்,
அதைப் பூசியவன்
எதன்மேல் நின்றிருப்பான் என்று.

சாரம் எதுவும் தெரியவில்லை.